ஆறு மாதச் சாமான்

1961ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பெங்களூர் ஜீவனஹள்ளியில் பச்சைமுத்துவின் படுக்கையறையில் இருந்தவர்கள், அவரவர் உட்கார்ந்திருந்த இடம் ஆகியவற்றின் விவரம் இது. கதவுக்கு எதிர்ச்சுவர் ஓரமாக நின்ற ஜட்கா வண்டியின் முன்பலகையில் கோவிந்தப்பா. அவருக்கு இடப்பக்கம் இரும்புக் கட்டிலின் விளிம்பில் யூனிஸ் டீச்சர். கட்டிலுக்குப் பின்னால் கெஜட் மூட்டைகள் நாற்பத்திரண்டு. அதில் கீழ்வரிசை மூட்டை ஒன்றின் மேல் குமாஸ்தா சுப்ரமணியன். ஆர்மோனியப் பெட்டியின் மேல் ரெமிஜியஸ். நிலைப்படியில், அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி, பக்கத்து வீட்டுத் தையற்காரி ஜூடித். தரையின் நடுவில், மடியில் பையை வைத்துக்கொண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வந்திருந்த பாஞ்சாலி. பாஞ்சாலியின் தங்கையும் பச்சைமுத்துவின் மனைவியுமான யசோதா, தேக்கு அலமாரியின் இரண்டாவது தட்டில், வழக்கம்போல. பச்சைமுத்து நின்றுகொண்டிருந்தார். அறையின் அளவு எட்டடிக்கு ஏழடி. அலமாரித் தட்டின் உயரம் பதினோரு அங்குலம். யசோதாவின் உயரம் ஐந்தடி ஓரங்குலம். மூன்றையும் ஜூடித் ஒரு தடவைக்கு மேல் நாடா பிடித்துப் பார்த்திருக்கிறாள். யசோதா சிறுத்துப் போகவும் இல்லை, தட்டு பெருத்துப் போகவும் இல்லை.

இது ஆரம்பித்தது 1947 டிசம்பரில். பச்சைமுத்து கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் பார்சல் அடுக்குகிறவர். ஆம்பூரில் ஐந்தாவது வரை படித்தவர். தமிழில் கடிதம் எழுதினால் விஷயத்துக்கு விஷயம் எண் போட்டு எழுதுவார், இங்கிலீஷில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் மட்டும் கூட்டிப் படிப்பார். ரயிலின் பார்சல் பெட்டியில் இனி ஒரு கூடைக்கும் இடமில்லை என்று மற்றவர்கள் கைவிட்ட பிறகு அவர் ஏறினால் இன்னும் எட்டுக் கூடை ஏறும். கைப்பழக்கம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்த டிசம்பரில், காக்ஸ் டவுனில் குடியிருந்த ரயில்வே கார்டு டென்சிலும் அவர் மனைவி மௌரீனும் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்கள். போகிற அன்று ஒரு தேக்கு அலமாரியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஆறு மாதம் வைத்திருக்கும்படி டென்சில் கேட்டுக்கொண்டார். அலமாரி ஆறரையடி உயரம், நாலடி அகலம். படுக்கையறைக் கதவு இரண்டேகால் அடி. பச்சைமுத்து தொழில் பழக்கத்தில், துளை போட்ட சீட்டு அட்டை ஒன்றில் பெயர், புறப்பட்ட இடம், சேரும் இடம் மூன்றையும் எழுதிச் சணல் நூலால் அலமாரியின் கைப்பிடியில் கட்டினார். சேரும் இடம் என்பதற்கு நேரே டென்சிலே குனிந்து இங்கிலாந்து விலாசத்தை எழுதினார். பிறகு தள்ளினார்கள். அலமாரி உள்ளே போய்ச் சுவரோரம் நின்றது. அறையில் முன்பு எவ்வளவு இடம் இருந்ததோ அவ்வளவு அப்படியே இருந்தது. ஜூடித் அளந்து பார்த்து, அளந்ததைச் சுண்ணாம்பால் சுவரில் எழுதிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த ஜம்பரை முடிக்கப் போய்விட்டாள்.

விஷயம் பரவ ஒரு மாதம்கூட ஆகவில்லை. கோவிந்தப்பா ஊருக்குப் போய்வரும்வரை என்று ஜட்காவைக் கொண்டுவந்தார். குதிரையையும் வைத்துக்கொள்ளச் சொன்னார். குதிரை கடைசியில் எந்த ஊரில் போய் நிற்கும் என்று அவருக்கே தெரியாததால் பச்சைமுத்து அதற்குச் சீட்டு எழுத மறுத்துவிட்டார். யூனிஸ் டீச்சர் இறந்துபோன தன் தாயாரின் கட்டிலை, பெரிய வீடு பார்க்கும்வரை என்று அனுப்பினார். மைசூருக்கு மாற்றலான சுப்ரமணியன், ஆபீசில் கரையான் வருகிறது என்று கெஜட் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார். ரெமிஜியஸின் ஆர்மோனியம், யாரோ ஒருவர் கல்யாணத்துக்கு வாங்கின அண்டாக்கள், ஒரு படகு. எல்லாம் ஆறு மாதம். எல்லாவற்றிலும் சீட்டு. எதைக் கொண்டுவந்தாலும் பச்சைமுத்து வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார்: இடம் இருக்கு. ஸ்டேஷனில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. "ஏய், பார்சல்" என்பார்கள். வீட்டிலோ, நாற்காலி போட்டு உட்காரும் ஆபீசர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, கொஞ்சம் தயவு பண்ணணும் என்று கேட்டார்கள். அவர் அதில் மயங்கிவிட்டார் என்று சொல்வது சரியாக இருக்காது. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் சற்று நிமிர்ந்து நின்றதைத் தெருவில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

அறையின் சட்டம் இன்னதென்று முதலில் கண்டுபிடித்தவள் யசோதா. போகப்போகிற சாமானுக்கு அந்த அறையில் இடம் உண்டு. இருக்க வந்த சாமானுக்கு இல்லை. அவள் தாய்வீட்டுத் தகரப் பெட்டியை உள்ளே வைத்தால் கதவு சாத்தாது. முக்காலியை வைத்தால் கால் வைக்க இடமில்லை. பித்தானும் நூலும் ஊசியும் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை ஜன்னல் கட்டையில் வைத்தாள். ஜன்னல் திறக்க முடியாமல் போயிற்று. ஆகவே பெட்டி சமையலறைக்குப் போனது, முக்காலி போனது, டப்பா போனது, பாய் போனது, கடைசியில் அவளும் போனாள். சேலையை மடித்து வைக்க ஒரு தட்டு இருந்தால் போதும் என்று அவள் ஒரு தடவை சொன்னாள். நம் சாமானுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கட்டிவிடலாமே என்று இன்னொரு தடவை கேட்டாள். "நம்ம சாமான் எங்க போவப் போவுது? பொய்ச் சீட்டு நான் எழுதமாட்டேன்" என்றார் பச்சைமுத்து. அவர் சொன்னது உண்மைதான். இருபது வருஷ சர்வீசில் அவர் பொய்ச் சீட்டு எழுதினதில்லை.

1949 கிறிஸ்துமஸ் கழிந்து இங்கிலாந்திலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. பனி மூடிய ஓட்டு வீடு ஒன்று, புகைபோக்கியில் ஒரு குருவி. உள்ளே நாலு வரி இங்கிலீஷ். டென்சிலின் கையெழுத்தைப் பச்சைமுத்து கூட்டிப் படித்துக்கொண்டார். வாழ்த்து அட்டையில் வாழ்த்துதானே இருக்கும். யசோதா படத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய வீட்டில் அந்தக் குருவிக்கு வெளியேதானா இடம் கிடைத்தது என்றாள். டென்சிலுடையது டென்சில் சாமானோடு இருக்க வேண்டியது முறை என்று அவர் அதை அலமாரியின் கீழ் இழுப்பறையில் வைத்து மூடினார்.

1955இல் மழை ஜூன் முதல் தேதியே பிடித்துக்கொண்டது. சமையலறைக் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. யசோதா பாயை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டு ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தாள். கஷாயம் கொண்டுவந்த ஜூடித், "ஊர்ச் சாமானுக்கெல்லாம் உங்க வீட்ல இடம் இருக்கு அண்ணே, இவளுக்கு மட்டும்தான் ஃபுல்லா?" என்று கேட்டுவிட்டுக் குவளையை வைத்துவிட்டுப் போனாள். பச்சைமுத்து ஒருநாள் முழுதும் யோசித்தார். மழை விட்டதும் யசோதா ஜோலார்பேட்டையில் அக்காள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் உடம்பைத் தேற்றிக்கொண்டு வருவது நல்லது என்று முடிவு செய்தார். அப்படி முடிவு செய்துவிட்டதால், எழுதினால் அது பொய்யாகாது. அட்டையை எடுத்து எழுதினார். பெயர்: யசோதா. புறப்பட்ட இடம்: பெங்களூர். சேரும் இடம்: ஜோலார்பேட்டை. சணலை இறுக்காமல், வலது மணிக்கட்டில் கட்டினார். யசோதா டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய், அலமாரியின் இரண்டாவது தட்டில் ஏறிப் படுத்தாள். காலை நீட்டினாள். நீட்டின கால் எதிலும் இடிக்கவில்லை. கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அன்றுதான் அவள் காலை முழுக்க நீட்டித் தூங்கினாள் என்று பிறகு ஜூடித்திடம் சொல்லியிருக்கிறாள்.

மழை அக்டோபரில் விட்டது. பச்சைமுத்து அவளை அனுப்பவில்லை. நவராத்திரி போகட்டும் என்றார், பிறகு தீபாவளி, பிறகு ஸ்டேஷனில் வேலை அதிகம். யசோதா காலையில் தட்டிலிருந்து இறங்கிச் சமைத்தாள், தண்ணீர் பிடித்தாள், ஜூடித்துக்குப் பித்தான் வைத்துக் கொடுத்தாள், பிறகு தட்டுக்கு ஏறிக்கொண்டாள். அடுத்த வருஷப் பிறப்பில், அனுப்பாவிட்டால் சீட்டையாவது அவிழ்த்துவிடும்படி கேட்டாள். அவிழ்த்தார். அவிழ்த்த மாத்திரத்தில் அவள் முழங்கால் அலமாரிக் கதவில் இடித்தது, தலை மேல்தட்டில் முட்டியது, ஜட்காவின் ஏர்க்கால் வந்து விலாவில் குத்தியது. இருக்க வந்த மனுஷிக்கு அங்கே இடமில்லை. ஒன்று, அவ்வளவு சாமானும் வெளியே போக வேண்டும். இல்லை, சீட்டு இருக்க வேண்டும். பச்சைமுத்து சீட்டை மறுபடி கட்டினார். "சாமான்காரங்க வந்துடுவாங்க, அப்புறம் அவுத்துடலாம்" என்றார். இங்கிலாந்து போக மற்றச் சாமான்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு கார்டு எழுதினார். அதில் எண் ஒன்று, தங்கள் பொருள் பத்திரம். எண் இரண்டு, தாங்கள் சௌகரியம்போல் வரலாம். எடுத்துக்கொண்டு போங்கள் என்று மூன்றாவது எண் அவர் எழுதவில்லை. யசோதாவின் சீட்டில் மை கலங்கினபோதெல்லாம் புது அட்டையில் அதையே திரும்ப எழுதினார். ஆறு வருஷத்தில் நாலு அட்டை. அனுப்பாமல் கிடக்கிற பார்சல் என்றால் என்னவென்று பெங்களூரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

1961 மார்ச்சில், தான் எழுதின கடிதங்களுக்குப் பதில் இல்லாததால், பாஞ்சாலி நேரில் வந்தாள். தங்கையை அலமாரியில் பார்த்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை, மணிக்கட்டைத் தூக்கிச் சீட்டைத்தான் படித்தாள். பிறகு பச்சைமுத்துவைக் கூப்பிட்டு, "எங்க ஊரு பேரு எழுதி ஆறு வருஷமா கட்டி வெச்சிருக்கீங்க தம்பி. சேர வேண்டிய ஊர்க்காரி நானே வந்திருக்கேன். ஒப்படைங்க" என்றாள். சேரும் இடத்தார் வந்து கேட்டால் ஒப்படைத்தாக வேண்டும். அவர் மூன்று வாரம் தவணை கேட்டார். தவணை முடிகிற ஞாயிற்றுக்குள் அறையைக் காலி செய்துவிட்டால் சீட்டை அவிழ்த்துவிடலாம், அவிழ்த்துவிட்டால் அவள் இந்த வீட்டுக்காரி, யாரும் வந்து கேட்க முடியாது. பாஞ்சாலி ஒப்புக்கொண்டாள். அன்றே அவர் எல்லாச் சாமான்காரர்களுக்கும் எழுதினார். மூன்றாவது எண்ணும் எழுதினார். இங்கிலாந்துக்கு மட்டும் ஜூடித் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மேலே சொன்னது. வர முடிந்தவர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் காபி கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டு போக ஒருவரும் வண்டி கொண்டுவரவில்லை. யூனிஸ் டீச்சர் பெரிய வீட்டுக்குப் போவதற்குப் பதிலாக ஒற்றை அறைக்குப் போயிருந்தார். கெஜட்டுகளைத் திரும்ப எடுக்க மைசூரிலிருந்து உத்தரவு வர வேண்டுமென்றார் சுப்ரமணியன். கோவிந்தப்பா முன்பலகையைத் தட்டிக்கொண்டே, "ஏனப்பா பச்சைமுத்து, குதிரையே போயிடுச்சு. வண்டியை எடுத்துனு போயி நான் இழுக்கறதா, என் பெண்டாட்டி இழுக்கறதா?" என்றார். டீச்சருக்குச் சிரிப்பு வந்து காபி புரையேறியது. இன்னும் ஆறு மாதம் என்றார்கள் எல்லோரும், மரியாதையாகத்தான்.

"அந்த அலமாரி வந்து பதிமூணு வருஷம் ஆவுது. அதுல எத்தினி ஆறு மாசம்னு படிச்சவங்க யாராச்சும் சொல்லுங்க" என்றாள் பாஞ்சாலி.

சுப்ரமணியன் விரல் விட்டு எண்ணினார். "இருபத்தாறு முடிஞ்சு இருபத்தேழாவது ஓடிட்டிருக்கும்மா" என்றார்.

பச்சைமுத்து அன்று காலையிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பல தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். எல்லாரும் தயவுசெய்து இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடுங்க. அதைச் சொல்ல அவர் தொண்டையைச் செருமினார். அந்தச் சமயம் பார்த்து ரெமிஜியஸ், பள்ளிப் பையன் பெஞ்சுக்குக் கீழே மறைத்து வைத்ததை எடுப்பதுபோல, ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். "என் மச்சான் ஓஸ்வால்ட் பம்பாய் போறான் அண்ணே. அவன் கிராமபோன். சின்னதுதான்."

அறையில் எல்லோரும் பச்சைமுத்துவைப் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்து நின்றார்.

"வைங்க. இடம் இருக்கு."

சொன்ன பிறகுதான் சொன்னது இன்னதென்று அவருக்கே காதில் விழுந்தது. ஜூடித் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். தட்டிலிருந்து முதலில் யசோதாவின் கால் வந்தது, பிறகு டப்பா பிடித்த கை, பிறகு அவள். சேலையை உதறிச் சரிசெய்துகொண்டாள். சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்து, டப்பாவை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தகரப் பெட்டியைக் கூடத்துக்கு இழுத்து வந்தாள். பச்சைமுத்து, சொன்னதைத் திருப்பிக்கொள்வதாகவும், இப்போதே சீட்டை அவிழ்ப்பதாகவும், மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் தெருவில் எடுத்துப் போட்டுவிடுவதாகவும் சொன்னார். அவர் அதைச் சொன்னபோது கிராமபோன் ஏற்கெனவே கட்டிலடியில் போய் உட்கார்ந்துவிட்டது. யசோதா கோபப்படவில்லை. மணிக்கட்டை அவர் கைக்கு எட்டாமல் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

"சீட்டு நீங்க எழுதினதுதானே. தப்பா எழுதமாட்டீங்க" என்றாள்.

பெட்டியை ஸ்டேஷனுக்கு அவரே தலையில் சுமந்துபோனார். பகல் பாசஞ்சரில் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடம் இருந்தது. பார்சல் ஒப்படைக்கும்போது பெறுகிறவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் பாஞ்சாலி போட்டிருப்பாள். வண்டி போன பிறகு, அன்று லீவாக இருந்தும், அவர் பார்சல் ஆபீசுக்குப் போய் வேறு யாரோ அடுக்கின கூடைகளை இறக்கித் திரும்ப அடுக்கினார். சீட்டை ஜோலார்பேட்டையில் பாஞ்சாலி அரிவாள்மணையில் அறுத்தாள் என்றும், மணிக்கட்டில் வளையல்போல் ஒரு வெளுத்த வட்டம் இருந்தது, போக இரண்டு மாதம் ஆயிற்று என்றும் பின்னால் தெரியவந்தது.

மே ஐந்தாம் தேதி மௌரீனிடமிருந்து பதில் வந்தது. விலாசம் மாறியிருந்ததால் கடிதம் சுற்றிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஜூடித் வாசலில் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். டென்சில் இறந்து இரண்டு வருஷமாகிறது. அலமாரியை எடுத்துக்கொள்ளும் எண்ணம் அவர்களுக்கு எப்போதும் இருந்ததில்லை. சேலைகளைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்காகவே கொடுத்தது. இனாம் என்று சொன்னால் பச்சைமுத்து வாங்கமாட்டார் என்று டென்சில் ஆறு மாதம் என்று சொல்லிவைத்தார். இதைத்தான் 1949 கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருந்தோமே, கிடைக்கவில்லையா? ஜூடித் படிப்பதை நிறுத்தினாள். பச்சைமுத்து உள்ளே போய் இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்துவந்து நீட்டினார். நாலு வரி. அலமாரி யசோதாவுக்கு, எங்கள் அன்புடன். இரண்டாவது தட்டுக்கும் அந்த இழுப்பறைக்கும் நடுவில் இரண்டே பலகை. ஆறு வருஷம் அவள் அதன் மேல் படுத்திருந்தாள். "என்கிட்ட காட்டியிருந்தா அரை நிமிஷம் ஆயிருக்கும் அண்ணே" என்றாள் ஜூடித். காட்டுவதற்கு அடுத்த வீடுதான். அவருக்குத் தோன்றவில்லை.

அவர் அலமாரியின் சீட்டை அவிழ்த்தார். அவிழ்த்ததும் அலமாரி, இருக்க வந்த சாமானாகி, தனக்குரிய இடத்தை முழுதாக எடுத்துக்கொண்டது. ஆறரையடிக்கு நாலடி. அதற்குப் பிறகு அந்த அறையில் வேறு எதற்கும் சலுகை இல்லை. முதலில் ஜட்கா ஏர்க்காலை முன்னே நீட்டிக்கொண்டு வெளியே வந்தது. பிறகு மூட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக, கட்டில், அண்டாக்கள், படகு, ஆர்மோனியம், கடைசியாகக் கிராமபோன். தெருவில் வரிசையாக, சீட்டு தெரியும்படி நின்றன. மேகம் கறுத்திருந்தது. செய்தி கேட்டுச் சாமான்காரர்கள் வண்டி பிடித்து வந்தார்கள். வராதவர்கள் ஆள் அனுப்பினார்கள். மூன்று மணிக்கு மழை வந்தபோது தெருவில் படகு ஒன்றுதான் இருந்தது, அதற்கு மழையால் கெடுதல் இல்லை. யாரும் மனத்தாங்கல் சொல்லவில்லை. எப்படியும் இந்த மாதம் எடுப்பதாகத்தான் இருந்தேன் என்று கோவிந்தப்பாகூடச் சொன்னார். பதிமூன்று வருஷமாகப் பச்சைமுத்து யாரிடம் கேட்கக் கூச்சப்பட்டாரோ, அவர்கள் எல்லோரும் ஒரு பகலில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜூடித் அறையை அளந்தாள். எட்டடிக்கு ஏழடி, சுவரில் இருந்த சுண்ணாம்புக் கணக்குப்படியே.

மறுநாள் அவர் அரிசிப் பானைக்குப் பக்கத்திலிருந்து டப்பாவை எடுத்துவந்து இரண்டாவது தட்டில் வைத்தார். ஒரு டப்பாவுக்கு வேண்டிய இடத்தை அது எடுத்துக்கொண்டது, அதற்கு மேல் இல்லை. அலமாரிக் கதவு சாத்தியது. ஜன்னல் திறந்தது. அவர் கூடத்தில் உட்கார்ந்து இன்லண்ட் லெட்டர் ஒன்றை முழங்காலில் வைத்து எழுதினார். ஒன்று, அலமாரி உன்னுடையது, முதலிலிருந்தே. மௌரீன் அம்மாள் கடிதத்தையும் பழைய அட்டையையும் நீ வந்து பார்த்துக்கொள்ளலாம், அல்லது அனுப்புகிறேன். இரண்டு, அதன் சீட்டை அவிழ்த்துவிட்டேன். மூன்று, மற்றவர்கள் சாமான் எல்லாம் போய்விட்டது, படகு தவிர. அது வெளியில் இருக்கிறது. நாலு, சமையலறைக் கூரைக்கு ஓடு மாற்றியாயிற்று. ஐந்து, உன் டப்பா இரண்டாவது தட்டில் இருக்கிறது. அதற்குச் சீட்டு கட்டவில்லை. ஆறு என்று எண் போட்டார். அதற்கு நேரே எதுவும் எழுதவில்லை. எண்ணை அடிக்கவும் இல்லை. அப்படியே மடித்து, நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கி ஓரம் ஒட்டினார். முன்பக்கம் யசோதாவின் பெயரையும் ஜோலார்பேட்டை விலாசத்தையும் எழுதினார். பின்பக்கம் அனுப்புநர் இடத்தில், இத்தனை வருஷமாகத் தன் பெயரையும் கதவு எண்ணையும் எழுதிவந்த இடத்தில், பச்சைமுத்து, யசோதா வீடு, ஜீவனஹள்ளி என்று எழுதினார். கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு நடந்து போய், ஜோலார்பேட்டை வழியாகப் போகும் வண்டியின் தபால் பெட்டியில் அதைப் போட்டார். வண்டி சரியான நேரத்துக்குப் புறப்பட்டது.